மசக்கையும் மலைப்பாதையும்

நீர் சுமந்த கார்மேகம் மலையை நோக்கித் தளர்ந்து ஏறுவதைக் கண்ட கச்சிப்பேட்டு நன்னாகையாருக்கு நிறைசூலி ஒருத்தியின் நினைவு வந்திருக்கிறது. குறுந்தொகையின் 287ஆம் பாட்டில் அந்தப் பெண்ணைப் பற்றி அவர் சொல்பவை கொஞ்சம்தான்: பச்சைப் புளிமேல் அவளுக்கு ஆசை, அவளால் நடக்க முடியவில்லை. புறநானூற்றின் 20ஆம் பாட்டு சேர அரசன் ஒருவனைப் புகழும்போது, அவன் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் வேட்கையால் தின்பார்களே தவிர, பகைவர் எவரும் கொள்ள முடியாது என்கிறது. புளியாசை, மண்ணாசை, தளர்ச்சி என்று இன்றைய மகப்பேறு மருத்துவர் நோயாளியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் செய்திகள் பழைய புலவர்களின் கண்ணிலும் பட்டிருக்கின்றன. ஆனால் அந்தத் தளர்ச்சியோடு, மேகத்தைப் போல, பெண்ணும் மலையேறி இறங்க வேண்டிய ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாடு அவற்றில் ஒன்று. திருப்பத்தூர் மாவட்டத்தில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் மலை ஊராட்சி இது. இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து மலைக்கு வந்தவர்கள் நாங்கள் என்பது மலையாளிகளின் வாய்மொழி மரபு. நன்னாகையாரின் ஊரும் அந்தப் பக்கம்தான் என்பது சுவையான ஒற்றுமை.

மசக்கை என்றால் நம் வீடுகளில் யாரும் பதறுவதில்லை. நாள் தள்ளிப்போய், காலையில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால் சிரிப்பும் சந்தோஷமும்தான். பதறத் தேவையில்லை என்பது பெரும்பாலும் சரியும்கூட. கருவுற்ற பெண்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டால் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு 16 முதல் 20 வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் நூற்றில் ஒருவர், இருவருக்கு இது அடங்காத வாந்தியாகி உடல் வற்றிவிடுகிறது. இயல்பான மசக்கைக்கும் இந்த நோய்க்கும் நடுவே மதில்சுவர் எதுவும் கிடையாது. ஒரே சரிவுதான், எந்த இடத்தில் கால் வழுக்கத் தொடங்குகிறது என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். கர்ப்பகாலத்தின் மற்ற மாற்றங்களும் இப்படியே. மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, தலை சுற்றுவது எல்லாமே இயல்பாகவும் இருக்கலாம், ஆபத்தின் முதல் குறியாகவும் இருக்கலாம். அப்படியானால் எப்போது மருத்துவமனைக்குப் போவது என்ற கோட்டை உடலை மட்டும் பார்த்துப் போட முடியாது. மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் போட வேண்டும். மலையில் அந்தக் கோடு சமவெளியைவிட முன்னதாகவே விழ வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு முதலில் உடலுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

மசக்கைக்குக் காரணம் மனம்தான் என்று 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேலைநாட்டு மருத்துவர் பலர் நம்பினார்கள். பெண் தன் கருவை உள்ளூர விரும்பவில்லை, அதனால்தான் வாந்தியெடுக்கிறாள் என்று எழுதியவர்களும் உண்டு. நம் ஊர்ப் பேச்சில் அதற்கு “செல்லம் கொஞ்சறா” என்று பெயர். இந்தக் கதையை முடித்துவைத்தது 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. அமெரிக்க மரபியலாளர் மார்லினா ஃபெய்சோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓ'ராஹிலி ஆகியோரோடு இலங்கை ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றார்கள். (1999இல் அடங்காத வாந்தியால் தன் கருவை இழந்தவர் ஃபெய்சோ.) அவர்கள் சுட்டிக்காட்டியது ஜிடிஎஃப்-15 என்ற புரதத்தை. உடலில் எந்தத் திசுவுக்கு நெருக்கடி வந்தாலும் கொஞ்சம் சுரக்கும் பொருள் இது. பின்மூளையில் வாந்தியை ஆளும் பகுதியில் இதற்கென்று ஓர் ஏற்பி இருக்கிறது. புரதம் அங்கே போய் ஒட்டினால் சாப்பாடு வெறுத்துப்போகும், குமட்டும். கருவுற்றதும் நஞ்சுக்கொடி இந்தப் புரதத்தைத் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் ஓடும் ஜிடிஎஃப்-15 அநேகமாக முழுவதும் கருவின் பக்கத்திலிருந்து வருவதுதான். இதுவரை சொன்னது பாதிக் கதை. கருவுறுவதற்கு முன்பே யாருடைய ரத்தத்தில் இந்தப் புரதம் குறைவாக இருந்ததோ, அவர்கள்தான் பின்னால் அதிகம் வதைபடுகிறார்கள். பழக்கமில்லாதவர் பச்சைமிளகாயைக் கடித்தது போல அவர்கள் மூளை துள்ளுகிறது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் ஆண்டு முழுவதும் உயர்ந்தே இருக்கும். அவர்கள் கருவுற்றபோது மசக்கை மிக அபூர்வமாகவே வந்தது என்பது இந்த விளக்கத்துக்குக் கிடைத்த வலுவான சான்று.

இதிலிருந்து வீட்டுக்குள் எடுத்துப்போக ஒரு செய்தி உண்டு. “நானும்தான் நாலு பெத்தேன், இப்படியா படுத்துக் கிடந்தேன்?” என்று மாமியார் கேட்கும் கேள்விக்கு அறிவியலில் இடமில்லை. இரண்டு பெண்களின் முந்தைய அளவு வேறு, அவர்களின் கரு கொட்டும் அளவும் வேறு. ஒரே பெண்ணுக்குக்கூட முதல் கர்ப்பமும் இரண்டாவதும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கருவும் தனக்கான மரபணுக்களோடு வருகிறது. அவற்றில் பாதி கணவன் வீட்டிலிருந்து வந்தவை என்பதையும் மாமியாருக்குப் பணிவோடு நினைவூட்டலாம்.

இத்தனை வதைக்கும் ஒன்று பரிணாமத்தில் ஏன் நீடிக்கிறது என்ற கேள்விக்கு 2000ஆம் ஆண்டில் சாமுவேல் ஃபிளாக்ஸ்மன், பால் ஷெர்மன் என்ற இரு உயிரியலாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். கருவின் உறுப்புகள் உருவாகும் வாரங்களில்தான் குமட்டல் உச்சத்தில் இருக்கிறது; அந்த வாரங்களில் பெண்கள் அதிகம் வெறுப்பது இறைச்சி, மீன், முட்டை போன்ற, கெட்டால் கிருமி பெருகும் உணவுகளை. எனவே மசக்கை ஒரு காவல் என்றார்கள். அவர்கள் அலசிய 27 பழைமைச் சமூகங்களில் 7 சமூகங்களில் மசக்கை காணப்படவில்லை. அந்த ஏழிலும் தானியமும் காய்கறியுமே பெரும்பாலும் முதன்மை உணவு. சாமையும் கேழ்வரகும் விளையும் ஜவ்வாது மலைக்கு இதைப் பொருத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கூடாது. ஒரு சமூகத்தின் சராசரியை வைத்து ஒரு பெண்ணின் வாந்தியைக் கணிக்க முடியாது. வெளியிலிருந்து போய்ப் பழங்குடிகளைப் பற்றி எழுதியவர்கள் பெண்களிடம் மசக்கையைப் பற்றி எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. காவல் என்ற கருத்துக்கு வேறொரு பக்கத்திலிருந்து ஆதரவு உண்டு. 2016இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், முன்பு ஒரு முறையோ இரு முறையோ கருச்சிதைவு கண்ட பெண்கள் மீண்டும் கருவுற்றபோது தொடர்ந்து கவனித்தார்கள். கருத்தரித்த 797 பேரில் குமட்டல் இருந்தவர்களுக்குக் கரு கலையும் வாய்ப்பு 50 முதல் 75 விழுக்காடு வரை குறைவாக இருந்தது.

வாந்தி நல்ல சகுனம் என்ற பாட்டி வாக்கு இவ்வாறு பாதி மெய்யாகிறது. அந்தப் பாதியிலிருந்துதான் தவறான முடிவும் பிறக்கிறது: நல்லதுதானே, அப்படியே விட்டுவிடுவோம். அடுப்பில் புகை வந்தால் நெருப்புப் பற்றியிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். அதற்காகப் புகைபோக்கி வைத்தால் சோறு வேகாது என்று யாரும் சொல்வதில்லை. குமட்டல் நஞ்சுக்கொடி சுறுசுறுப்பாக இருப்பதன் புகை. புகையைக் குறைத்தால் நஞ்சுக்கொடிக்குக் கேடு எதுவும் வருவதில்லை. மறுபக்கத்தில், மசக்கையே இல்லாதவர்கள் இதைப் படித்து அஞ்சவும் வேண்டாம். பத்தில் மூன்று பேர் குமட்டலே இல்லாமல் நல்லபடியாகப் பெற்றுக்கொள்கிறார்கள். புகை என்று சொன்னது வெறும் உவமைக்காகவும் இல்லை. விறகடுப்புப் புகையும் தாளிப்பு வாசனையும் கருவாட்டு நெடியும் கர்ப்பிணியின் குமட்டலைக் கிளப்பிவிடுவதில் முதலிடம் பிடிப்பவை. முதல் மூன்று மாதத்துக்குச் சமைக்கிற வேலையை வீட்டில் வேறு யாராவது ஏற்றுக்கொள்வது எந்த மாத்திரைக்கும் குறைந்த வைத்தியம் கிடையாது. அந்த யாராவது கணவனாக இருப்பதற்கு மருத்துவத் தடை ஒன்றுமில்லை.

உணவு பற்றிய அறிவுரைகள் உலகெங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, காரணமும் எளிது. வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். நிரம்பிய வயிறும் கூட்டும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி. படுக்கையை விட்டு எழும் முன்பே பொரியோ, காய்ந்த ரொட்டித் துண்டோ, வறுத்த தானியமோ கொஞ்சம் மென்றுவிடுவது. தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இடையிடையே சிறு வாயாகக் குடிப்பது. சூடான உணவில் மணம் அதிகம் எழும்பும், ஆறியதில் குறைவு. இதையெல்லாம் பட்டியல் போட்டுவிட்டுப் பார்த்தால், ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும் பிஸ்கட்டைத் தேடி மலையிறங்க வேண்டிய தேவையில்லை என்பது புரிகிறது. உப்புப் போட்ட சாமைக் கஞ்சி, மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ், நீராகாரம் எல்லாம் ஆறியவை, புளித்தவை, உப்புள்ளவை, நீர்த்தவை. கொதித்து ஆறிய தண்ணீரும் சுத்தமான பானையும் இருந்தால் போதும். இஞ்சிக்கும் சான்று இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவு உலர்ந்த இஞ்சி, அதாவது சுக்கு, குமட்டலை ஓரளவு தணிப்பதாகச் சோதனைகள் காட்டின. வாந்தியை நிறுத்தும் அளவுக்கு அதற்கு வலுவில்லை. புளியாசையைப் பொறுத்தவரை, புளிப்பு வாயில் ஊறும் கசப்பை மாற்றிக் கொஞ்சம் சாப்பிட வைக்கிறது என்றால் அதுவே அதன் பயன். மலையில் புளியும் நெல்லியும் மிச்சம். நெஞ்சு கரிக்கத் தொடங்கினால் மட்டும் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

இவற்றால் அடங்காவிட்டால் மாத்திரை. இங்கேதான் பெரிய தடை எழுகிறது: “மூணு மாசம் வரைக்கும் எந்த மாத்திரையும் கூடாது.” இந்த அச்சம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடைக் கர்ப்பிணிகள் மசக்கைக்காகவும் விழுங்கினார்கள். 1961இல் அது திரும்பப் பெறப்பட்டது; அதன் பாதிப்பால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறுகிப் பிறந்தார்கள். உலகமே மருந்துச் சோதனை விதிகளை மாற்றி எழுதியது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த அச்சம் நல்ல மருந்து ஒன்றையும் பலிவாங்கியது. டாக்சிலமின் என்ற ஒவ்வாமை மருந்தும் பைரிடாக்சின் எனும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை 1956 முதல் அமெரிக்காவில் விற்றுவந்தது. வழக்குகளின் நெருக்கடி தாங்காமல் நிறுவனம் 1983இல் அதை நிறுத்தியது. அப்புறம் நடந்தது, யாரும் திட்டமிடாத ஒரு மாபெரும் சோதனை. மருந்து மறைந்த பிறகு பிறவிக் குறைபாடுகள் குறையவில்லை. அடங்காத வாந்திக்காக மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகளின் எண்ணிக்கைதான் கூடியது. பல ஆய்வுகளை அலசிய பின் அமெரிக்க அரசு 2013இல் அதே கலவைக்கு மீண்டும் ஒப்புதல் தந்தது. இந்தியாவில் மருத்துவர்கள் மசக்கைக்கு எழுதித் தருவது பெரும்பாலும் இதைத்தான். கொஞ்சம் தூக்கம் வரும் என்பது அறிந்த பக்கவிளைவு. “எந்த மாத்திரையும் கூடாது” என்ற விதியை “மருத்துவர் சொல்லாத எந்த மாத்திரையும் கூடாது” என்று திருத்திக்கொண்டால் பாட்டிமாரின் எச்சரிக்கையும் நிற்கும், பெண்ணும் பிழைப்பாள்.

சரிவில் கால் வழுக்கும் இடம் எது? சாப்பாடு உள்ளே நிற்காதபோது உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. அதன் கழிவான கீட்டோன் சிறுநீரில் இறங்குகிறது, மூச்சிலும் ஒரு பழவாடை வருகிறது. கர்ப்பிணிக்கு இந்த நிலை மற்றவர்களைவிட விரைவாக வந்துவிடும். ஒரு பகல் ஒரு இரவு தண்ணீர்கூட நிற்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியவில்லை அல்லது அடர்மஞ்சளாகச் சொட்டுகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, கருவுறும் முன் இருந்த எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்றால் அது மசக்கையின் எல்லையைத் தாண்டிவிட்டது. காய்ச்சலோ கடுமையான வயிற்றுவலியோ சேர்ந்தாலும், பத்து வாரம் வரை ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு புதிதாக வாந்தி தொடங்கினாலும் காரணம் வேறாக இருக்கலாம். இங்கே அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். உடலில் பி1 வைட்டமினின் கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் வரும். வாரக்கணக்காக வாந்தியெடுத்தவளுக்கு அது தீர்ந்திருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், சர்க்கரையை எரிக்க மிச்சமிருந்த பி1-ம் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பம் என்று தொடங்கும். அதனால்தான் முதலில் பி1 ஊசி, பிறகு குளுக்கோஸ் என்பது மருத்துவ விதி. “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா தெம்பா இருக்கும்” என்று வழியில் கிடைத்த இடத்தில் ஏற்றிக்கொள்வது இந்தக் காரணத்தாலேயே தவறு. தீட்டாத தானியத்திலும் புழுங்கலரிசியிலும் பி1 அதிகம் தங்கும், வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசியில் குறைவு. நோய் முற்றிய பிறகு உணவால் ஈடுகட்ட முடியாது என்றாலும், கர்ப்பத்துக்கு முன் தட்டில் என்ன இருந்தது என்பது கையிருப்பைத் தீர்மானிக்கிறது.

வாந்தி ஓய்ந்தபின் வரும் மாற்றங்களில் சிலவற்றை வேகமாகவே கடந்துவிடலாம். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கருப்பை சுருங்காமலிருக்கத் தசைகளைத் தளர்த்துகிறது. அதே தளர்ச்சி உணவுக்குழாயின் வாயிலும் குடலிலும் வருவதால் எதுக்களிப்பும் மலச்சிக்கலும் வருகின்றன. சாப்பிட்டவுடன் படுக்காமல், தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் எதுக்களிப்புக்கு இதம். முகத்தில் படரும் கருமையும் வயிற்றின் நடுக்கோடும் நிறமியின் வேலை. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் மங்கிவிடும். முதுகுவலி, எடையின் மையம் முன்னால் நகர்ந்ததன் கூலி. தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் இந்த மாதங்களில் வேறு தலைக்கு மாறுவது நல்லது.

நின்று பேச வேண்டியது ரத்தத்தைப் பற்றி. கர்ப்பகாலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. குழம்பில் தண்ணீர் சேர்த்தது போல ரத்தம் நீர்த்துப்போகிறது. இதயம் ஒவ்வொரு நிமிடமும் முன்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. புரோஜெஸ்டிரோன் மூளையின் மூச்சு மையத்தையும் தூண்டிவிடுவதால் மூச்சு ஆழமாகிறது. ஆகவே மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவது இயல்பு. ஆனால் ரத்தசோகையின் அறிகுறிகளில் ஒன்றும் மூச்சு வாங்குவதுதான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. மலையில் பிறந்து தினமும் ஏறி இறங்கிப் பழகிய பெண்ணுக்கு, இந்த மூச்சிரைப்பு வயிற்றுப் பிள்ளையாலா, ரத்தக் குறைவாலா என்று தானாகத் தெரியாது. ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்கு மேலா கீழா என்று பார்ப்பது ஒன்றே வழி. கால் வீக்கமும் இப்படித்தான். மாலையில் வீங்கிக் காலையில் வடிந்தால் பெரும்பாலும் கருப்பையின் கனம் ரத்தக்குழாயை அழுத்துவதால். இருபது வாரத்துக்குப் பிறகு முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது ரத்த அழுத்த நோயாக இருக்கலாம். அழுத்தம் 140/90ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவமனை. “நீர் இறங்கியிருக்கு” என்ற ஒரே சொல்லால் இந்த இரண்டையும் குறிக்கிறோம் என்பதில் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

புறநானூறு சொன்ன மண்ணாசைக்கும் இரும்புக்கும் உறவு உண்டு. மண், சாம்பல், பச்சரிசி, சாக்கட்டி தின்னும் ஆசை இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. சத்து ஏறியதும் பலருக்கு அந்த ஆசை போய்விடுகிறது. குறையை ஈடுசெய்ய உடல் மண்ணைக் கேட்கிறது என்ற விளக்கம் அழகாக இருந்தாலும் நிற்கவில்லை: மண் இரும்பைத் தருவதைவிட, உணவிலிருக்கும் இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்வதே அதிகம். போதாததற்குக் குடற்புழுவும் வரலாம். அரசு தரும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும் என்று வைத்திருப்பது மசக்கையோடு ஒத்துப்போகும் ஏற்பாடு, ஏனென்றால் இரும்பு குமட்டலைக் கூட்டும். சாப்பிட்டால் குழந்தை கறுத்துவிடும் என்ற பேச்சு வெறும் கதை; கறுப்பது மலம்தான். தேநீரோடு விழுங்கினால் பாதி வீண், ஒரு நெல்லிக்காயோடு விழுங்கினால் அதன் வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். மாத்திரை தொடர்ந்தும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால் சோகைக்கு இரும்பைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம். பழங்குடி வட்டாரங்களில் தலசீமியாவுக்கும் அரிவாளணுச் சோகைக்கும் சோதிப்பது இதற்காகவே.

இனி மலைப்பாதைக்கு வரலாம். தமிழ்நாடு மகப்பேறில் சாதித்த மாநிலம். அதே தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தவை. 2018-20இல் தாய் இறப்பு விகிதம் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54. 108 ஊர்தி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு நிதி, மலைப்பகுதி நிலையங்களில் நிறைமாதப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கும் காத்திருப்பு அறைகள் என்று எல்லாம் உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் இவற்றின் பார்வை முழுவதும் ஒன்பதாம் மாதத்தின் மேல் இருக்கிறது. மசக்கையின் உச்சமோ ஒன்பதாம் வாரம். அந்த வாரத்தில் பல பெண்கள் இன்னும் பதிவே செய்திருக்க மாட்டார்கள், சிலர் வெளியே சொல்லியிருக்கவும் மாட்டார்கள். 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்லி அரசு வற்புறுத்துவது சரியே, அதிலும் மலைக்குப் பன்னிரண்டு தாமதம். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் நெய்யும் இருக்கிறது; மசக்கையின் நடுவில் இருப்பவளுக்கு நெய் மணம் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்கள் சொல்லட்டும்.

திருப்பத்தூர் நகரில் ஒரு பெண் இரவு பத்து மணிக்கு “இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்” என்று காத்திருக்கலாம்; தப்பாகப் போனால் சில நிமிடங்களில் மருத்துவமனை. நெல்லிவாசல்நாட்டின் ஒரு குடியிருப்பில் அதே சொல்லைச் சொன்னால், மழை, வண்டி, கொண்டையூசி வளைவுகள் எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தோடு சேர்ந்துகொள்கின்றன. வளைவுகளே வாந்தியைக் கிளப்பும் என்பது வேறு. நீர் வற்றுவது மணிக்கணக்கில் முற்றும் நிலை என்பதால், பயணம் எடுக்கும் நேரமும் நோயின் ஒரு பகுதிதான். அதனால் சமவெளியில் 24 மணி நேரம் என்று சொல்லும் எல்லையை இங்கே பகல் வெளிச்சத்தோடு பிணைக்க வேண்டும்: காலையிலிருந்து எதுவும் நிற்கவில்லை, சிறுநீரும் குறைந்துவிட்டது என்றால், இருட்டும் முன் கிளம்பிவிட வேண்டும்.

இப்படிச் சொன்னால் வாந்தியெடுக்கும் ஒவ்வொருத்தியையும் மலையிறக்க வேண்டியிருக்கும், கூலிநாள் போகும், மருத்துவமனை நிரம்பும், இயற்கையான ஒன்றை நோயாக்குகிறீர்கள் என்று ஓர் எதிர்ப்பு வரும். நியாயமான எதிர்ப்பு. அதற்கு விடை, எல்லாரையும் இறக்காமல் எல்லாரையும் அளப்பதில் இருக்கிறது. கனடாவின் டொரண்டோவில் உருவான ஓர் எளிய அளவுகோல் மூன்றே கேள்வி கேட்கிறது: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குமட்டியது, எத்தனை தடவை வாந்தி வந்தது, எத்தனை தடவை வெறுமனே ஓங்கரித்தது? ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். கூட்டினால் ஆறு வரை லேசானது, பன்னிரண்டு வரை நடுத்தரம், பதின்மூன்றும் அதற்கு மேலும் கடுமை. கருவி, மின்சாரம், செல்பேசிக் கோபுரம் எதுவும் வேண்டாம். தமிழகத்தில் ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். அதே ஊர்ப் பேச்சில் இந்த மூன்று கேள்வியைக் கேட்க அவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. லேசு என்றால் கஞ்சியும் சுக்கும், நடுத்தரம் என்றால் செவிலியரோ மருத்துவரோ பார்த்துத் தரும் மாத்திரை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து வாய்வாயாகக் குடிக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இரண்டு நாளில் மறுபடி ஒரு பார்வை, கடுமை என்றால் இருட்டும் முன் மலையிறக்கம். சரியான நேரத்தில் கிடைத்த மாத்திரை, வண்டிக்கும் குளுக்கோஸ் பாட்டிலுக்கும் ஆகும் செலவைத்தான் முதலில் மிச்சப்படுத்தும்.

இன்னொரு மறுப்பும் வரலாம். காரணம் ஜிடிஎஃப்-15 என்று தெரிந்துவிட்டதே, அதைத் தடுக்கும் மருந்து வரும்வரை பொறுத்தால் என்ன? கருவுறும் முன்பே உடலை அந்தப் புரதத்துக்குப் பழக்கலாமா, அதன் ஏற்பியை அடைக்கலாமா என்று இரு வழியிலும் ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள். வரட்டும். அது ஜவ்வாது மலையின் துணை சுகாதார நிலையத்து அலமாரிக்கு வந்துசேர ஆகும் ஆண்டுகளில் எத்தனையோ ஒன்பதாம் வாரங்கள் கடந்துபோகும். நாள் தள்ளிப்போனதும், ஆறாவது வாரத்திலேயே செவிலியரோ ஆஷாவோ ஒரு தடவை வீட்டுக்கு வந்து, கர்ப்பகாலப் பதிவு அட்டையில் எடையைக் குறித்து, மூன்று கேள்வி கேட்டு, இரண்டு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு, அந்தக் குடியிருப்பிலிருந்து கீழே போகும் வண்டி யாரிடம் இருக்கிறது, மழைநாளில் எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பதையும் அதே அட்டையில் எழுதிவைக்கலாம். இதற்கு வேண்டிய அத்தனையும், அந்த அட்டை உட்பட, மலையில் ஏற்கெனவே இருக்கிறது.